அவருக்குத் தமிழ் தெரியாது

இதை ஆங்கிலத்தில் எழுத முடியாது. எழுதினால் அவர் படித்துவிடுவார்.

பிரிட்டனில் யார் வேண்டுமானாலும், யாருக்கு வேண்டுமானாலும் அரசுப் பட்டம் கேட்டு விண்ணப்பிக்கலாம். படிவம் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது. ஆளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடமாவது ஆதரவுக் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். எம்.பி.இ., அதற்கு மேல் ஓ.பி.இ., அதற்கும் மேல் சி.பி.இ., அப்புறம் சர் என்று பட்டத்தில் படிகள் உண்டு. இதைக் கொடுங்கள், அதைக் கொடுங்கள் என்று நாம் கேட்க முடியாது, எது என்பதைக் குழு பார்த்துக்கொள்ளும். பதில் வர ஒரு வருஷத்துக்குக் குறையாது. முக்கியமான விஷயம், யாருக்காகக் கேட்கிறோமோ அவர் காதுக்கு இது போகக் கூடாது. கிடைக்காமல் போனால் பாவம், ஏமாந்து போவார் இல்லையா.

நான் ஒருவருக்காகக் கேட்டிருக்கிறேன். 14 மாதம் ஆகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரேஸ் சீசனில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமையாவது விடிவதற்கு முன் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு சில்வர்ஸ்டோன் கார் பந்தய மைதானத்துக்குப் போகிறேன். பக்கத்து சீட்டில் பிளாஸ்கும் கையுமாக உட்கார்ந்திருப்பவரிடம் 14 மாதமாக ஒரு ரகசியத்தை மறைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். அதனால்தான் இங்கே கொட்டுகிறேன்.

நாங்கள் இருவரும் மார்ஷல்கள். ரேஸ் ஓடும்போது பாதையோரம் ஆரஞ்சு நிற உடுப்பில் கொடியோடும் தீயணைப்புக் கருவியோடும் நிற்பவர்களை டிவியில் பார்த்திருப்பீர்கள். சம்பளம் கிடையாது. பிரிட்டிஷ் கிராண்ட் பிரிக்கு (ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் பிரிட்டனில் நடக்கும் ரேஸ்) எங்களைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் சொந்த விடுமுறையைப் போட்டுக்கொண்டு வருகிறோம். மற்ற வாரங்களில் பெயர் தெரியாத சின்ன சின்ன ரேஸ்கள், பார்க்க வருபவர்களைவிட மார்ஷல்கள் அதிகமாக இருக்கும் நாட்களும் உண்டு. வார நாட்களில் நான் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். அவர் ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக், வயது 75.

அவரை எங்கள் போஸ்ட்டில் (பாதையோரம் நாங்கள் நிற்கும் இடம்) பொடிசுகள்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். எனக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவே இல்லை. என் அப்பா வயதுக்காரரை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? முதல் நாளே வாயில் "சார்" என்று வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, "அந்தப் பட்டத்தை எனக்கு இன்னும் யாரும் கொடுக்கலியே தம்பி" என்றார். (அவர் சொன்னது 'மேட்'. தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு.) நமக்கு சார் என்பது பஸ் கண்டக்டரில் இருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் போடும் சொல். இங்கே அரசர் வாளெடுத்து இரண்டு தோளிலும் தொட்டால்தான் பேருக்கு முன்னால் சர் ஒட்டும். ஒட்டிய பிறகும் குடும்பப் பெயரோடு சேர்க்கக் கூடாது, சொந்தப் பெயரோடுதான். ஃபார்முலா ஒன் டிரைவர் லூயிஸ் ஹாமில்டனை சர் லூயிஸ் என்று சொல்லலாம், சர் ஹாமில்டன் தப்பு.

லூயிஸ் ஹாமில்டன் என்றதும் அந்த டிசம்பர் வாரம் ஞாபகம் வருகிறது. 2021 டிசம்பர் 12, ஞாயிறு, அபுதாபி. கடைசிச் சுற்றில் எட்டாவது உலக சாம்பியன் பட்டம் அவர் கையைவிட்டுப் போனது. என்ன நடந்தது என்று இப்போது ஆரம்பித்தால் பதிவு முடியாது, விடுங்கள். புதன்கிழமை கிடங்கில் டீ நேரத்தில் போனைப் பார்த்தால் வின்ட்சர் கோட்டையில் இளவரசர் சார்லஸ் முன்னால் மண்டி போட்டிருக்கிறார் மனுஷன். அம்மா கூட வந்திருந்தார். மூன்று நாள் முன்பு எல்லாம் போன முகத்தோடு காரை விட்டு இறங்கியவர், இப்போது சர் லூயிஸ்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவன் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "மொனாக்கோவுல உக்காந்துகிட்டு இங்க வரி கட்டாதவனுக்கு சர் பட்டமா" என்றான். அன்று இங்கே பாதி ஊர் அதையேதான் கேட்டது. ஹாமில்டன் பெயர் வந்தது வெளிநாட்டில் வாழும் பிரிட்டிஷ்காரர்களுக்கான பட்டியலில்தான். பட்டத்துக்கு முன் வரித்துறையிடமும் விசாரிப்பார்கள், வழக்கமான நடைமுறை அது. அந்தக் கால ஃபார்முலா ஒன் டிரைவர் ஜாக்கி ஸ்டூவர்ட்டும் ரேஸ் ஓடிய காலத்திலேயே சுவிட்சர்லாந்துக்குக் குடி போனவர்தான், அவருக்கு 2001-இல் சர் கொடுத்தபோது இவ்வளவு சத்தம் கேட்டதாகத் தெரியவில்லை. ஏன் என்று நான் அவனிடம் கேட்கவில்லை. அடுத்த டிரக் வந்துவிட்டது, எழுந்து போனோம்.

ஃபார்முலா ஒன் டிரைவர்களில் சர் ஆனவர்கள் அன்றைக்கு மொத்தம் 4 பேர். ஆஸ்திரேலியர் ஜாக் பிராபம் முதலில், பிறகு ஸ்டிர்லிங் மாஸ், ஸ்டூவர்ட், ஹாமில்டன். இதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்கியவர் ஹாமில்டன் மட்டும்தான்.

ஆனால் அதற்கு முந்தைய தலைமுறையில் சூடாகவே பரிமாறியிருக்கிறார்கள். 1929-இல் ஹென்றி சேக்ரேவ் டேடோனா கடற்கரை மணலில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காரை ஓட்டிவிட்டு வந்தார், அதே வருஷம் சர். மால்கம் கேம்பல் அதே மணலில் 1931-இல் 246 மைல், அவரும் அதே வருஷம் சர். நாட்டுக்கு ஒரு சாதனை, கையோடு ஒரு பட்டம். சேக்ரேவ் அடுத்த வருஷமே விண்டர்மியர் ஏரியில் படகு வேகச் சாதனை செய்த அன்றே விபத்தில் இறந்துபோனார். ஆறப் போட்டிருந்தால் அவருக்குக் கிடைத்தே இருக்காது.

மாஸ் விஷயம் நேர் எதிர். 1962-இல் குட்வுட் விபத்தோடு அவர் ரேஸ் வாழ்க்கை முடிந்தது. சர் வந்தது 2000-இல், 38 வருஷம் கழித்து. அவர் உலக சாம்பியன் ஆனதே இல்லை. 1955-இல் இருந்து தொடர்ந்து நான்கு வருஷம் இரண்டாம் இடம். அதிலும் 1958 கதையை எங்கள் பெரியவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார், ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பது போல நானும் கேட்பேன். போர்ச்சுகல் ரேஸில் மைக் ஹாத்தார்ன் வண்டி சுழன்று நின்றுவிட்டது. திரும்பக் கிளப்பும்போது எதிர்த்திசையில் ஓட்டினார் என்று சொல்லி அவரை நீக்கப் பார்த்தார்கள். பட்டத்துக்கு அவரோடு மோதிக்கொண்டிருந்தவர் மாஸ். அந்த மாஸே போய், "அவர் வண்டியைத் தள்ளியது நடைபாதையில், ரேஸ் பாதையில் இல்லை, நான் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னார். ஹாத்தார்னுக்குப் புள்ளிகள் தங்கின. சீசன் முடிவில் ஹாத்தார்ன் 42, மாஸ் 41. அந்த வருஷம் மாஸ் ஜெயித்தது 4 ரேஸ், ஹாத்தார்ன் ஒன்று.

"இந்த ஒரு சாட்சிக்கே அன்னிக்கே கொடுத்திருக்கணும்" என்பார் பெரியவர். எனக்கும் அதேதான் தோன்றும்.

ஜான் சர்டீஸ் பேச்சை மட்டும் அவரிடம் எடுக்க மாட்டேன், ரத்த அழுத்தம் ஏறிவிடும். மோட்டார் சைக்கிளில் 7 உலகப் பட்டம், 1964-இல் ஃபெராரியில் ஃபார்முலா ஒன் பட்டம். இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உச்சிக்குப் போனவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். 2009-இல் 18 வயது மகன் ஹென்றியை பிராண்ட்ஸ் ஹேட்ச் ரேஸில் பறிகொடுத்தார், மகன் பேரில் அறக்கட்டளை தொடங்கிக் கடைசி வரை அதற்காக ஓடினார். அவருக்கு ஒரு எம்.பி.இ., 2008-இல் ஒரு ஓ.பி.இ., 2016-இல் ஒரு சி.பி.இ. ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள், மேல்படிக்கு முன்னால் மனுஷன் 2017 மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டார். இறந்தவருக்கு சர் கிடையாது, விண்ணப்பிக்கவே முடியாது. நான் படிவத்தை அவசர அவசரமாக நிரப்பியதற்கு இந்த விதிதான் காரணம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அணி முதலாளிகள், பொறியாளர்கள் கணக்குத் தனி. ஃபிராங்க் வில்லியம்ஸ் 1999, அவருடைய பொறியாளர் பாட்ரிக் ஹெட் 2015, மெக்லாரனின் ரான் டென்னிஸ் 2024. யாருக்கும் தகுதிக் குறைவில்லை. 1986-இல் கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தே அணியை நடத்தி ஜெயித்த வில்லியம்ஸுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். சிட் வாட்கின்ஸ் என்று ஒரு மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். 1978-இல் இருந்து கால் நூற்றாண்டு ஃபார்முலா ஒன்னின் டாக்டர். ரேஸ் மைதானத்தில் ஹெலிகாப்டர் வேண்டும், முறையான மருத்துவ அறை வேண்டும், முதல் சுற்றில் கார்களுக்குப் பின்னாலேயே டாக்டர் வண்டி போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டு வாங்கியவர். 1995-இல் அடிலெய்டில் மிகா ஹாக்கினென் மூச்சில்லாமல் கிடந்தபோது பாதையோரத்திலேயே தொண்டையைத் துளைத்து மூச்சு வர வைத்தது அவருடைய குழு. அதே ஹாக்கினென் 1998, 1999 இரண்டு வருஷமும் உலக சாம்பியன். வாட்கின்ஸுக்கு என்ன கொடுத்தார்கள்? ஓ.பி.இ. 2002-இல். ஒரே ஒரு தடவை உலக சாம்பியன் ஆன டேமன் ஹில்லுக்கும் ஓ.பி.இ.தான். ஹில் மேல் எனக்குக் கோபமில்லை. தராசு மேல்தான்.

சரி, பெரியவர் ஏன் மார்ஷல் ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். அதைத்தான் படிவத்திலும் எழுதினேன்.

1973 ஜூலை 29, நெதர்லாந்தில் ஸாண்ட்வூர்ட். ரோஜர் வில்லியம்சன், 25 வயது, அவருக்கு அது இரண்டாவது கிராண்ட் பிரி. எட்டாவது சுற்றில் கார் தடுப்பில் மோதி, கவிழ்ந்து, சறுக்கிப் போய்த் தலைகீழாக நின்று தீப்பிடித்தது. பின்னால் வந்துகொண்டிருந்த டேவிட் பர்லி தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாதையைக் குறுக்கே கடந்து ஓடினார். தனியாளாகக் காரைப் புரட்டப் பார்த்தார், அசையவில்லை. அங்கே நின்ற மார்ஷல்களிடம் தீ தாங்கும் உடுப்பு இல்லை, கிட்டே போக முடியவில்லை. பர்லி ஒரு தீயணைப்புக் கருவியைப் பிடுங்கி வந்து அடித்தார், அது தீர்ந்துபோனது. மறுபடி காரைத் தூக்கப் பார்த்தார். கையை ஆட்டி மற்ற டிரைவர்களை நிற்கச் சொன்னார். அவர்கள் பார்த்தது எரியும் கார் ஒன்று, பக்கத்தில் ஹெல்மெட்டோடு ஒரு டிரைவர். தப்பி வெளியே வந்த ஆள் இவர்தான் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். ரேஸை நிறுத்தவே இல்லை. வில்லியம்சன் உள்ளேயே இறந்தார்.

அந்தக் காட்சியை வரிசையாக எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. கடைசியில் பர்லி தலையைக் குனிந்துகொண்டு நடந்து போவார். பெரியவருக்கு அப்போது 24 வயது. அவர் பார்த்தது பர்லியை இல்லையாம். "பின்னாடி ஒருத்தன் சாதாரண கோட்டு போட்டுக்கிட்டு கையப் பிசைஞ்சுகிட்டு நிக்கிறான் பாரு, அவனத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார் ஒரு தடவை. "எல்லாரும் அவனத் திட்டினாங்க. அவன் என்ன பண்ணுவான்? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா, ஒழுங்கா ஒரு உடுப்பு குடுத்தாங்களா?" அடுத்த வருஷம் போய் மார்ஷலாகச் சேர்ந்துவிட்டார். 50 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அன்று ஸாண்ட்வூர்டில் ஜெயித்தவர் ஜாக்கி ஸ்டூவர்ட். அவருடைய 26-ஆவது வெற்றி, ஜிம் கிளார்க்கின் 25 என்ற சாதனையைத் தாண்டியது அந்த ரேஸில்தான். ஸ்டூவர்ட்டை நான் குறை சொல்ல வரவில்லை. 1966-இல் ஸ்பா ரேஸில் கவிழ்ந்து, பெட்ரோல் உடம்பெல்லாம் ஊற, 25 நிமிஷம் காருக்குள் சிக்கிக் கிடந்தவர் அவர். யாரோ பார்வையாளரிடம் ஸ்பேனர் கடன் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றித்தான் வெளியே எடுத்தார்கள், எடுத்தவர்களில் ஒருவர் சக டிரைவர் கிரஹாம் ஹில். அன்று முதல் காரில் ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டே ஓட்டினார், பாதுகாப்புக்காக எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கினார். அவருடைய சர் பட்டத்தில் பாதி அந்த ஸ்பேனருக்கு என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

பர்லிக்கும் கொடுத்தார்கள். ஜார்ஜ் மெடல், வீரச்செயலுக்கானது. அதே 1973-இல் இன்னொருவருக்கும் கொடுத்தார்கள். மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் கிளே ரெகட்சோனியின் கார் எரிந்தபோது மைக் ஹெய்ல்வுட் இறங்கி ஓடினார். அவர் உடுப்பிலும் தீ பிடித்தது. அதை அணைத்துக்கொண்டு திரும்பவும் போய் ரெகட்சோனியை வெளியே இழுத்துப் போட்டார். ஹெய்ல்வுட் அன்று ஓட்டியது சர்டீஸ் அணியின் கார். ரேஸ்காரர்களுக்குக் கொடுத்த விருதுகளிலேயே எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றாதவை இந்த இரண்டும்தான். இரண்டுமே ரேஸைப் பாதியில் விட்டுவிட்டுக் காரிலிருந்து இறங்கியதற்குக் கிடைத்தவை.

மார்ஷல் கதை இதைவிடச் சின்னது. 1977-இல் அதே கயலாமியில் எரியும் காரை அணைக்கத் தீயணைப்புக் கருவியோடு பாதையைக் கடந்த 19 வயதுப் பையன் ஒருவன் டாம் பிரைஸின் கார் மோதிச் செத்தான். கருவி தலையில் அடித்து பிரைஸும் அந்த இடத்திலேயே போனார். எங்களுக்குப் பயிற்சியில் முதல் பாடமே இதிலிருந்துதான் வருகிறது. வண்டி வரும் திசைக்கு முதுகைக் காட்டாதே. பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டாவது பாடம் உடுப்புக்கு உள்ளே நைலான் போடாதே, தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். என் மனைவி வாங்கித் தந்த குளிர்கால உள்ளாடை அன்றே பீரோவுக்குப் போனது.

2022 பிரிட்டிஷ் கிராண்ட் பிரி அன்று நானும் பெரியவரும் வேறு வளைவில் இருந்தோம். முதல் வளைவில் ஜோ குவான்யூவின் கார் கவிழ்ந்து, தலைகீழாகச் சறுக்கி, டயர் தடுப்பைத் தாண்டி வேலிக்கும் தடுப்புக்கும் நடுவே செருகிக்கொண்டது. வெகு நேரம் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. பெரியவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தத் திசையைப் பார்த்தபடியே நின்றார். ஆளை எடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறான் என்று ரேடியோவில் வந்ததும், "யாருடா அந்த போஸ்ட்டுல இன்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். ஜோ பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. இவர் செய்தது மற்றவர்கள் செய்வதிலிருந்து எப்படி வேறுபட்டது என்று எழுத வேண்டும். மூன்று இரவு அதன் முன்னால் உட்கார்ந்தேன். 50 வருஷம் மழையிலும் காற்றிலும் ஓரமாக நின்றார் என்பதை எப்படிச் சாதனையாக எழுதுவது? ஒன்றும் நடக்காத நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். கடைசியில் அவர் பயிற்சி கொடுத்த ஆட்களை எண்ண ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தே 60-ஐத் தாண்டியது, அதோடு நிறுத்திக்கொண்டு அதையே எழுதினேன். ஆதரவுக் கடிதம் ஒன்று எங்கள் போஸ்ட் சீஃப் அம்மாவிடம், இன்னொன்று மீட்பு வண்டியில் வரும் டாக்டரிடம். இரண்டு பேருக்கும் சத்தியம் வாங்காத குறை.

போன மாதம் ஜூன் பட்டியல் வந்தது. வருஷத்தில் இரண்டு தடவை வருவது, புத்தாண்டுக்கு ஒன்று, அரசரின் பிறந்தநாள் பேரில் ஒன்று. சனிக்கிழமை காலையில் பெரியவர் பேப்பரோடு காரில் ஏறினார். நான் முதல் நாள் இரவே இணையத்தில் பார்த்துவிட்டேன், அவர் பெயர் இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நடிகர், நடிகை, கால்பந்துக்காரர், ஏதோ ஒரு கவுன்சில் ஆள்.

"கொடி ஆட்டறவனுக்கெல்லாம் எப்பக் குடுப்பாங்களோ" என்றார், பேப்பரை மடித்துக்கொண்டே.

"கேட்டாத்தானே சார் குடுப்பாங்க."

"யாரு போய்க் கேப்பா." பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றினார். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். "ஆமா, அந்த டாக்டரம்மா அன்னிக்கு என்னைப் புடிச்சு நான் எந்த வருஷம் சேந்தேன், எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்னு என்னமோ கேட்டுச்சு. எதுக்குன்னா சொல்ல மாட்டேங்குது. உனக்கு எதாவது தெரியுமா?"

"தெரியாதே சார்" என்று ரோட்டையே பார்த்தேன்.

சிக்னல் பச்சைக்கு மாறி எவ்வளவு நேரமாகிறது என்று அவர்தான் சொன்னார்.